ஊசி போட கற்க வந்தவர்கள் சீட்டு எடுத்துக்கொண்டு ஓடுவதா? நர்சிங் மாணவிகளுக்கு ஆஸ்பத்திரி பயிற்சி திருப்தி தருகிறதா?

சென்னை:

காலை 7 மணிக்கு எந்த பெரிய அரசு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாலும் இந்த காட்சியை பார்க்கலாம். நர்சிங் கல்லூரி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். சீருடை போட்ட மாணவ-மாணவிகள் கையில் நோட்டும், பையில் கத்தரிக்கோல், தெர்மாமீட்டர், டார்ச் லைட்டுமாக இறங்கி வார்டுகளுக்கு வேகமாக நடப்பார்கள்.

படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு அவர்கள் எல்லோருமே 'சிஸ்டர்'தான். ஆனால் அவர்களில் பலர் பிளஸ்-2 முடித்து ஒரு வருடம் கூட ஆகாத பிள்ளைகள். ஆட்டோ ஓட்டுபவர், தையல்காரர், கட்டிட வேலை செய்பவர் வீட்டு பிள்ளைகள் இதில் நிறைய பேர் உண்டு. நகையை அடகு வைத்தும், கல்விக்கடன் வாங்கியும் படிக்க வைக்கிறார்கள். படித்து முடித்ததும் வேலை கிடைக்கும், வெளிநாடும் போகலாம் என்பது பெற்றோரின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கை நிறைவேறுவது வகுப்பறையில் இல்லை. வார்டில்தான் இருக்கிறது. நர்சிங் படிப்பில் புத்தகம் பாதி என்றால் ஆஸ்பத்திரி பயிற்சி மீதி பாதி. அந்த பயிற்சி மாணவிகளுக்கு திருப்தியாக இருக்கிறதா? எதனால் திருப்தி கிடைக்கிறது? எதனால் கிடைக்காமல் போகிறது? அதில் நோயாளிகளுக்கு என்ன சம்பந்தம்? இதோ விவரம்:-

3 விதமான படிப்பு

நர்சிங்கில் முக்கியமாக 3 படிப்புகள் உள்ளன. கிராம சுகாதார பணிக்கான ஏ.என்.எம். படிப்பு 2 ஆண்டு. ஜி.என்.எம். என்ற டிப்ளமோ 3 ஆண்டு. பி.எஸ்சி நர்சிங் பட்டப்படிப்பு 4 ஆண்டு. பி.எஸ்சி நர்சிங்குக்கு 2021-ம் ஆண்டில் புதிய பாடத்திட்டம் வந்தது. அதன்படி ஆண்டு தேர்வு போய் 8 செமஸ்டர்களாக படிக்கிறார்கள்.

எந்த படிப்பானாலும் வார்டு டூட்டி கட்டாயம். மருத்துவ வார்டு, அறுவை சிகிச்சை வார்டு, ஆபரேஷன் தியேட்டர், குழந்தைகள் வார்டு, பிரசவ வார்டு, மனநல பிரிவு, ஆரம்ப சுகாதார நிலையம் என்று ஒவ்வொரு இடமாக மாற்றி மாற்றி அனுப்புவார்கள். சென்னையில் படிப்பவர்கள் பிரசவம், குழந்தை நலம் என்றால் எழும்பூருக்கும், மனநல பயிற்சி என்றால் கீழ்ப்பாக்கத்துக்கும் போவது வழக்கம்.

என்னென்ன செய்தோம் என்று ஒரு நோட்டில் கணக்கு எழுத வேண்டும். எத்தனை ஊசி, எத்தனை டிரஸ்சிங், எத்தனை பிரசவம் என்று எல்லாமே அதில் வரவேண்டும். ஆசிரியையோ, வார்டு சிஸ்டரோ கையெழுத்து போட வேண்டும். நோட்டு நிறைந்தால்தான் தேர்வு எழுத முடியும்.

சென்னைதான் முன்னோடி

நர்சு பயிற்சி என்பது சென்னைக்கு புதிது அல்ல. எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1854-ம் ஆண்டிலேயே சென்னையில் மருத்துவச்சிகளுக்கு பயிற்சி பள்ளி நடத்த அரசு அனுமதி கொடுத்தது. 1871-ம் ஆண்டு சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில் நர்சு பயிற்சி தொடங்கியது. இந்தியாவில் நர்சு பயிற்சியின் ஆரம்பகால முயற்சிகளில் அதுவும் ஒன்று.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் 1909-ம் ஆண்டு நர்சு பயிற்சி பள்ளி ஆரம்பமானது. 1946-ம் ஆண்டு அங்கு பட்டப்படிப்பு வந்தது. அதே ஆண்டு டெல்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கியது. நாட்டிலேயே முதல் நர்சிங் பட்டப்படிப்புகள் இவை இரண்டும்தான்.

அந்த காலத்தில் பயிற்சி பள்ளி ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்தது. மாணவி தங்குவதும் அங்கேதான், படிப்பதும் அங்கேதான். வார்டு சிஸ்டரே டீச்சர். இப்போது கல்லூரி ஓரிடம், ஆஸ்பத்திரி வேறிடம் என்று ஆகிவிட்டது. பிரச்சினை தொடங்குவதும் இங்கேதான்.

திருப்தியை அளக்க முடியுமா?

'பிடிச்சிருக்கு, பிடிக்கலை' என்று சொல்வதை எப்படி அளப்பது என்று கேட்கலாம். அதற்கும் வழி கண்டுபிடித்து இருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் டொமினிக் சான் என்ற ஆராய்ச்சியாளர் 42 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார். அதில் ஒரு புதுமை உண்டு. ஒரே கேள்வியை 2 விதமாக கேட்பார்கள். வார்டில் இப்போது எப்படி இருக்கிறது என்பது ஒன்று. எப்படி இருந்தால் நல்லது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால் மாணவிகளின் மனசு தெரிந்துவிடும். அவர் பார்த்தவரையில் கிடைப்பதைவிட எதிர்பார்ப்பு அதிகமாகவே இருந்தது.

பின்லாந்து நாட்டில் மிக்கோ சாரிகோஸ்கி என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 2008-ம் ஆண்டு 34 கேள்விகள் கொண்ட படிவத்தை வெளியிட்டனர். பல நாட்டு மொழிகளில் அது மாற்றப்பட்டு பயன்படுத்தப்படுகிறது. வார்டு சூழ்நிலை எப்படி, வார்டு பொறுப்பாளர் எப்படி நடத்துகிறார், நோயாளிகளை கவனிக்கும் தரம் எப்படி, கல்லூரி ஆசிரியை வந்து பார்க்கிறாரா, பயிற்சி கொடுப்பவருடன் உறவு எப்படி என்று 5 விஷயங்களை அது அலசுகிறது.

இதில் திரும்பத்திரும்ப தெரியவந்த உண்மை ஒன்று. கட்டிடம் புதுசா, மெஷின் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்தான். 'எனக்கென்று ஒரு சிஸ்டர் இருந்தார், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்' என்று சொல்ல முடிந்த மாணவிகள்தான் அதிக திருப்தியோடு இருந்தார்கள்.

பக்கத்தில் நிற்பது யார்?

நம் ஊரில் இந்த இடம்தான் காலியாக இருக்கிறது.

10 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. ஆண்டுக்கு 60 பேர் சேரும் பி.எஸ்சி கல்லூரி என்றால் 4 ஆண்டுக்கும் சேர்த்து 240 பேர். அவர்களுக்கு 24 ஆசிரியர்கள் வேண்டும். காகிதத்தில் இது சரியாக இருக்கும். ஆனால் அதே ஆசிரியர்கள்தான் கல்லூரியில் பாடமும் நடத்த வேண்டும். விடைத்தாளும் திருத்த வேண்டும். மாணவிகளோ ஒரே நாளில் பல வார்டுகளில் சிதறி இருப்பார்கள். காலையில் வந்து வருகைப்பதிவு எடுத்துவிட்டு போனால், மதியம் கையெழுத்து போட வருவதுதான் பல ஆசிரியைகளால் முடிகிறது.

அப்படியானால் வார்டு சிஸ்டர் சொல்லிக்கொடுக்கலாமே? அவரிடம் கேட்டால் அவர் பக்கமும் நியாயம் இருக்கும்.

நோயாளிகளுக்கு இத்தனை நர்சு வேண்டும் என்று கவுன்சில் சொல்லும் கணக்கு ஒன்று இருக்கிறது. கற்பிக்கும் ஆஸ்பத்திரிகளில் 3 நோயாளிக்கு ஒரு நர்சு. சாதாரண ஆஸ்பத்திரிகளில் 5 நோயாளிக்கு ஒரு நர்சு. லீவு போடுபவர்களுக்கு பதிலாக கூடுதலாக 30 சதவீதம் பேர். கூட்டம் நிரம்பி வழியும் வார்டுகளில் இந்த கணக்கு எங்கே நிற்கிறது என்பது உள்ளே போய் படுத்து வந்த எல்லோருக்கும் தெரியும். மருந்து கொடுக்கவே நேரம் போதாத சிஸ்டர், மாணவிக்கு பாடம் எடுக்க எங்கே போவார்? மாணவிக்கு கற்றுக்கொடுப்பதற்கு அவருக்கு தனி சம்பளமோ, வேலை குறைப்போ கிடையாது.

வேலூர் சி.எம்.சி.யில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அங்கு கல்லூரியில் பாடம் நடத்துபவர்களுக்கு ஆஸ்பத்திரி நர்சிங் பணியிலும் பொறுப்பு உண்டு. வகுப்பில் சொல்லிக்கொடுத்தவரே வார்டிலும் இருப்பார். மாணவிக்கு யாரை கேட்பது என்ற குழப்பம் இல்லை.

ஒரு கட்டிலை சுற்றி எத்தனை பேர்?

அடுத்த பிரச்சினை கூட்டம்.

ஒரு மாணவிக்கு 3 நோயாளிகள் என்ற விகிதத்தில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று கவுன்சில் விதி சொல்கிறது. படுக்கைகளில் குறைந்தது 75 சதவீதம் நோயாளிகள் இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

ஒரு உதாரணம் பார்க்கலாம். 30 கட்டில் உள்ள வார்டில் 75 சதவீதம் என்றால் சுமார் 22 நோயாளிகள். 3 பேருக்கு ஒரு மாணவி என்றால் 7 மாணவிகள் வரலாம். ஆனால் 3 கல்லூரிகள் ஆளுக்கு 10 பேரை அதே வார்டுக்கு அனுப்பினால்? 30 மாணவிகள். நோயாளியைவிட மாணவிகள் அதிகம்!

அப்புறம் என்ன நடக்கும்? ஒரே நோயாளிக்கு 4 பேர் பி.பி. பார்ப்பார்கள். 'இப்பத்தானே ஒரு பொண்ணு பாத்துட்டு போச்சு' என்று நோயாளி அலுத்துக்கொள்வார். ஒரு டிரஸ்சிங் நடந்தால் ஒருவர் செய்ய, மற்றவர்கள் தோளுக்கு மேல் எட்டிப்பார்ப்பார்கள். பிரசவ வார்டில் முறை வருவதற்கு காத்திருக்க வேண்டும். நோட்டில் கணக்கு காட்டவேண்டிய கட்டாயத்தில், நேரில் பார்த்ததை கையால் செய்ததாக எழுதிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அந்த பொய் கணக்கு நாளைக்கு ஒரு தாயின் உயிரோடு விளையாடும்.

தனியார் கல்லூரிக்கு சொந்தமாக 100 படுக்கை ஆஸ்பத்திரி வேண்டும் என்பது விதி. அது போதாதபோது மற்ற ஆஸ்பத்திரிகளுடன் ஒப்பந்தம் செய்து கட்டணம் கட்டி மாணவிகளை அனுப்புகிறார்கள். அந்த ஆஸ்பத்திரி 50 படுக்கைக்கு குறையாமல் இருக்க வேண்டும். கல்லூரியில் இருந்து 15 முதல் 30 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில்தான் எல்லா வகை நோயாளிகளும் வருவார்கள் என்பதால் எல்லா கல்லூரிகளின் பார்வையும் அங்கேயே இருக்கிறது.

எடுபிடி வேலையா? பயிற்சியா?

மாணவிகளின் பெரிய மனக்குறை இதுதான். ரத்த மாதிரியை லேப்பில் கொடுத்துவிட்டு வா, ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கிவா, ஸ்டோரில் மருந்து எடுத்துவா, ரிஜிஸ்டரில் கோடு போடு, ஸ்டிரெச்சர் தள்ளு... இப்படியே ஒரு நாள் ஓடிவிடும். சில தனியார் ஆஸ்பத்திரிகளில் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பதற்கு பதில் மாணவிகளை வைத்தே ஷிப்டை ஓட்டிவிடுவதும் நடக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு வரும் மாணவியை மாணவியாகவே நடத்த வேண்டும் என்று கவுன்சில் தெளிவாக சொல்லி இருக்கிறது. அவர் கூலி இல்லாத வேலையாள் அல்ல.

அதே நேரத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. படுக்கை விரிப்பு மாற்றுவது, நோயாளிக்கு உடம்பு துடைத்து விடுவது, பெட்பான் வைப்பது எல்லாம் கீழான வேலை என்று சில மாணவிகள் நினைக்கிறார்கள். அது தவறு. எழுந்திருக்க முடியாத பெரியவருக்கு உடம்பு துடைக்கும்போதுதான் முதுகுத்தண்டின் அடியிலும், குதிகாலிலும், இடுப்பு எலும்பிலும் தோல் சிவந்து இருப்பது கண்ணில் படும். அது படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பி படுக்க வைத்தால் தடுத்துவிடலாம். கவனிக்காமல் விட்டால் எலும்பு தெரியும் அளவுக்கு ஆழமாகி, சீழ் பிடித்து உயிருக்கே வினையாகும்.

ஆக, வேலையில் உயர்ந்தது தாழ்ந்தது இல்லை. 'துடைச்சு விடும்மா' என்று சொல்லிவிட்டு போனால் அது எடுபிடி வேலை. 'துடைக்கும்போது இங்கே பாரு, சிவந்திருக்கு, இது எதனால?' என்று ஒருவர் பக்கத்தில் நின்று கேட்டால் அதுவே பாடம். மாணவிகள் எதிர்பார்ப்பது அந்த ஒரு கேள்வியைத்தான்.

புத்தகத்தில் ஒன்று, வார்டில் ஒன்று

மருந்து கொடுக்கும் முன்பு சரியான நோயாளியா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா என்று 5 விஷயம் பார்க்க வேண்டும் என்று முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒவ்வொரு நோயாளியை தொடும் முன்பும், தொட்ட பின்பும் கை கழுவ வேண்டும் என்கிறார்கள்.

வார்டுக்கு வந்தால் குழாயில் தண்ணீர் வராது. சோப்பு இருக்காது. ஒரே டிரேயில் 20 பேருக்கு மருந்து போகும். புத்தகப்படி செய்தால் 'இப்படி செஞ்சா ராத்திரி ஆயிடும், சீக்கிரம் முடி' என்று அதட்டல் விழும். குறுக்குவழியில் செய்தால் கல்லூரி ஆசிரியை மார்க்கை குறைப்பார். நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பது மாணவிதான்.

எது சரி என்று தெரிந்தும் செய்ய முடியவில்லையே என்ற குழப்பம் மெல்ல பழகிப்போகும். பழகிப்போவதுதான் ஆபத்து. தொடக்கத்தில் கற்றுக்கொண்ட குறுக்குவழி 30 ஆண்டு சர்வீசிலும் கூடவே வரும்.

குத்திய ஊசியை மறைக்காதீர்கள்

பயிற்சியில் மாணவிகளை அதிகம் பயமுறுத்துவது ஊசி குத்திக்கொள்வது. நோயாளிக்கு போட்ட ஊசி தவறுதலாக விரலில் ஏறிவிடும். திட்டு விழுமே என்று பயந்து பலர் வெளியே சொல்வதில்லை. கைக்குட்டையால் துடைத்துவிட்டு வேலையை பார்ப்பார்கள். ராத்திரி தூக்கம் வராது.

இது மறைக்கக்கூடிய விஷயமே அல்ல. உடனே செய்ய வேண்டியது வருமாறு:-

* குத்திய இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு கழுவ வேண்டும். பிதுக்கக்கூடாது. வாயில் வைக்கக்கூடாது.

* உடனே வார்டு சிஸ்டரிடமும், ஆசிரியையிடமும், டாக்டரிடமும் சொல்ல வேண்டும்.

* எச்.ஐ.வி. தொற்று ஏற்பட வாய்ப்பு இருப்பதாக டாக்டர் கருதினால் தடுப்பு மாத்திரை கொடுப்பார். 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது மிக நல்லது. 72 மணி நேரத்துக்கு மேல் போனால் பலன் இல்லை. 28 நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும்.

* மஞ்சள் காமாலையை உண்டாக்கும் 'ஹெபடைடிஸ்-பி' கிருமிக்கு தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து 2-வது, 6-வது மாதம் 3-வது என்று போட வேண்டும். வார்டுக்கு போகும் முன்பே இதை தொடங்கிவிட வேண்டும்.

* போட்ட ஊசிக்கு மறுபடியும் மூடி போட முயற்சி செய்யக்கூடாது. கட்டரில் வெட்டி, குத்தினாலும் கிழியாத வெள்ளை நிற டப்பாவில்தான் போட வேண்டும். 2016-ம் ஆண்டு மருத்துவ கழிவு விதி அதைத்தான் சொல்கிறது.

திட்டுக்கு பயந்து ஒரு மாணவி 72 மணி நேரத்தை தவறவிட்டால் அதற்கு பொறுப்பு அவர் மட்டும் அல்ல. சொல்ல முடியாத பயத்தை உண்டாக்கியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

நோயாளி முன்பு திட்டினால்...

'இது கூட தெரியாதா? காலேஜ்ல என்னதான் சொல்லிக்கொடுக்கிறாங்க?' இந்த வசனத்தை கேட்காத நர்சிங் மாணவி இருக்க மாட்டார். தவறு செய்தால் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் நோயாளிக்கு முன்னால் திட்டினால் 2 நஷ்டம். மாணவிக்கு கை நடுங்கும். நோயாளிக்கு நம்பிக்கை போகும். அடுத்த தடவை 'இந்த பொண்ணு வேணாம், பெரிய சிஸ்டர் வரட்டும்' என்பார். கற்றுக்கொள்ளும் வாய்ப்பே பறிபோய்விடும்.

ஆண் மாணவர்களின் கஷ்டம் வேறு. பிரசவ வார்டிலும், பெண்கள் வார்டிலும் அவர்களை நோயாளிகள் ஏற்பதில்லை. அந்த கூச்சம் நியாயமானதுதான். ஆனால் அந்த பாடத்திலும் அவர்கள் தேர்வு எழுதியாக வேண்டும். வாசலில் நின்றுவிட்டு வருவதே அவர்களின் பயிற்சியாகி விடுகிறது. ஆசிரியை கூடவே இருந்து, நோயாளியிடம் அனுமதி கேட்டு அழைத்துப்போனால்தான் இது தீரும்.

சாப்பாடு, பஸ், பாதுகாப்பு

திருப்தி என்பதில் சின்ன விஷயங்களும் சேர்த்திதான். 7 மணி டூட்டிக்கு 5 மணிக்கே பஸ் ஏறுகிறார்கள். பலர் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். உடை மாற்ற இடம் இல்லை. பை வைக்க இடம் இல்லை. கழிவறைக்கு கூட அலைய வேண்டும். வெறும் வயிற்றோடு 6 மணி நேரம் நிற்பவர் ஆபரேஷன் தியேட்டரில் ரத்தத்தை பார்த்து மயங்கி விழுந்தால் 'பயந்தாங்கொள்ளி' என்று கிண்டல் வேறு.

இரவு டூட்டியில் பாதுகாப்பு பெரிய கேள்வி. கொல்கத்தாவில் 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இரவு பணியில் இருந்த பயிற்சி பெண் டாக்டர் கொல்லப்பட்ட கொடுமை நாட்டையே உலுக்கியது. சுப்ரீம் கோர்ட்டு தானாக முன்வந்து விசாரித்து, மருத்துவ பணியாளர் பாதுகாப்புக்கு தேசிய பணிக்குழு அமைத்தது. டாக்டருக்கு சொன்னது நர்சிங் மாணவிக்கும் பொருந்தும். பணியிடத்தில் பாலியல் தொல்லையை தடுக்க 2013-ம் ஆண்டு வந்த சட்டப்படி ஆஸ்பத்திரிகளில் புகார் குழு இருக்க வேண்டும். அந்த குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதை மாணவிகள் டூட்டிக்கு வரும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

நோயாளிக்கு என்ன நஷ்டம்?

'அவங்க பயிற்சி, அவங்க கவலை' என்று விட்டுவிட முடியாது. இன்று மாணவி, நாளை மறுநாள் நைட் டூட்டியில் தனியாக நிற்கும் நர்சு. நள்ளிரவில் மூச்சு திணறும் நோயாளியை முதலில் பார்ப்பது அவர்தான். டாக்டரை கூப்பிட வேண்டுமா, வேண்டாமா என்று அந்த நிமிடத்தில் முடிவு எடுப்பதும் அவர்தான்.

ஐரோப்பாவில் 9 நாடுகளின் ஆஸ்பத்திரிகளை வைத்து நடந்த ஆய்வு 2014-ம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. ஒரு நர்சு கவனிக்கும் நோயாளி எண்ணிக்கையில் ஒருவர் கூடினால், ஆபரேஷன் செய்துகொண்ட நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அதில் தெரியவந்தது. பட்டம் பெற்ற நர்சுகள் 10 சதவீதம் அதிகமாக இருந்தால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது. நர்சின் எண்ணிக்கையும் படிப்பும் நோயாளியின் உயிரோடு சம்பந்தப்பட்டவை என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

மாணவி ஊசி போட வந்தால், 'பெரிய சிஸ்டர் பக்கத்தில் நிற்கட்டும்' என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. அப்படி கேட்பது மாணவிக்கும் நல்லது. ஆனால் எல்லோரும் 'வேணாம் போ' என்று விரட்டினால், நாளைக்கு நமக்கு ஊசி போட யார் இருப்பார்கள் என்றும் யோசிக்க வேண்டும்.

தீர்வு என்ன?

கோடிக்கணக்கில் செலவழித்தால்தான் முடியும் என்று இல்லை. நர்சிங் கல்வியில் நெடுநாளாக சொல்லப்படும் வழிகள் இவை:-

* ஒவ்வொரு வார்டிலும் அனுபவம் உள்ள ஒரு நர்சை பயிற்சியாளராக நியமிக்க வேண்டும். அவருக்கு அந்த ஷிப்டில் நோயாளிகளை குறைத்து கொடுக்க வேண்டும். அந்த பொறுப்பை அவரது சர்வீசில் தகுதியாக சேர்க்க வேண்டும்.

* முதலில் கல்லூரி லேப்பில் பொம்மை மீது ஊசியும், டிரிப்சும் போட்டு கை பழக வேண்டும். புதிய பாடத்திட்டம் இதை வலியுறுத்துகிறது. அதற்கு பிறகுதான் நோயாளி.

* டூட்டி தொடங்கும் முன் 15 நிமிடம், முடிந்த பின் 15 நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். இன்று என்ன கற்றாய், எங்கே தடுமாறினாய் என்று கேட்டாலே பாதி பயம் போய்விடும்.

* எந்த கல்லூரி, எந்த வார்டுக்கு, எந்த தேதியில் என்று ஆஸ்பத்திரி நிர்வாகமே அட்டவணை போட்டு கூட்டத்தை கட்டுப்படுத்த வேண்டும்.

* ஒவ்வொரு வார்டு பயிற்சி முடிந்ததும் மாணவிகளிடம் பெயர் எழுதாத படிவத்தில் கருத்து கேட்க வேண்டும். கேட்டதை அலமாரியில் பூட்டாமல் ஆஸ்பத்திரிக்கும் காட்ட வேண்டும்.

இந்திய நர்சிங் கவுன்சில் 1947-ம் ஆண்டு சட்டப்படி அமைந்தது. அந்த சட்டத்துக்கு பதிலாக தேசிய நர்சிங் மற்றும் தாதியர் ஆணைய சட்டத்தை 2023-ம் ஆண்டு பாராளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் எதுவானாலும் வார்டுக்குள் போய் எண்ணிப்பார்க்க ஆள் இருந்தால்தான் விதிக்கு உயிர் வரும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

பிள்ளையை நர்சிங் சேர்க்க நினைக்கும் பெற்றோர், கட்டிடத்தையும் ஏ.சி. வகுப்பையும் பார்த்து மயங்க வேண்டாம். புரோக்கர் பேச்சை நம்பி அட்வான்ஸ் கட்ட வேண்டாம். இந்த கேள்விகளை நேரில் போய் கேளுங்கள்:-

1. கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா? பி.எஸ்சி என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவ பல்கலைக்கழகம் போன்ற பல்கலைக்கழகத்துடன் இணைந்ததா? இந்த ஆண்டுக்கான அங்கீகார கடிதத்தை காட்டச்சொல்லுங்கள்.

2. சொந்த ஆஸ்பத்திரி எங்கே? அதில் எத்தனை படுக்கை? உண்மையில் நோயாளிகள் இருக்கிறார்களா? ஒரு நாள் ஓ.பி. நேரத்தில் போய் பாருங்கள்.

3. வேறு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்? எத்தனை கிலோமீட்டர்? பஸ் கட்டணம் தனியா?

4. பிரசவம், குழந்தைகள், மனநலம் ஆகியவற்றுக்கு எங்கே பயிற்சி?

5. வார்டில் ஆசிரியை கூடவே இருப்பாரா? இரவு டூட்டியில் யார் பொறுப்பு?

6. தடுப்பூசி போடுவார்களா? ஊசி குத்தினால் செலவு யாருடையது?

7. பயிற்சி கட்டணம், சீருடை, நோட்டு என்று பிறகு தனியாக கேட்பார்களா? எழுத்தில் வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த கல்லூரி பஸ் எந்த ஆஸ்பத்திரிக்கு போகிறது என்று தெரிந்துகொண்டு, 3-ம் ஆண்டு, 4-ம் ஆண்டு மாணவிகள் இரண்டு பேரிடம் பேசிப்பாருங்கள். 'இதுவரைக்கும் நீயா எத்தனை ஊசி போட்டிருக்கேம்மா? போடும்போது பக்கத்துல யார் இருந்தாங்க?' என்று மட்டும் கேளுங்கள்.

அந்த பதிலை கேட்ட பிறகு பீஸ் கட்டுவது பற்றி முடிவு செய்யலாம்.